‘டியர்’: அன்புக்கும் விலைக்கும் ஒரே சொல்



ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் பொருளையும் வழக்கையும் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு விளக்கி வருகின்ற இப்பகுதியில், இம்மாதம் மிகச் சிறியதொரு சொல்லை எடுத்துக்கொள்கிறோம். நான்கே எழுத்துகள் கொண்ட அச்சொல் ‘டியர்’ என்பது. இதை அறியாதவர் உண்டோ என்று கேட்பீர்கள். எல்லாரும் அறிந்த சொல்லாயிருப்பதே இதிலுள்ள ஆபத்து. அரைகுறையாக அறிந்த ஒரு சொல் ஒரு குடும்பத்திற்கு என்ன செய்யக்கூடும் என்பதை நாம் நேரில் கண்டோம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்து போன பின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் மட்டும் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு பங்கு இல்லத்து வாசலில் நின்றார்.

“சாமி, இந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். மகள் பேருக்கு வந்தது. எட்டு நாளாக இவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். மகளோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவள் என்ன குற்றம் செய்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.”

கடிதத்தை வாங்கிப் படித்தோம். நகரத்திலுள்ள ஒரு நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. அந்தப் பெண் வணிகவியல் பட்டம் பெற்றுக் கணக்கெழுதும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். மூலச் சான்றிதழ்களுடன் நேர்முகத் தேர்வுக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. அந்த நாள் அதற்கு முந்தின நாள்!

மறுநாள் தந்தையை வரவழைத்தோம். கட்டட வேலையில் மேஸ்திரி, உழைப்பாளி, ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்.

“சாமி, முன்பின் தெரியாத ஓர் ஆள் என் மகளை ‘டியர்’ என்று அழைக்கிறான். கடைசியில் ‘யுவர்ஸ்’ என்று போட்டுக் கையெழுத்திடுகிறான். ‘யுவர்ஸ்’ என்றால் ‘உன்னுடையவன்’ என்றுதானே பொருள்? பெற்றவன் இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?”

நமக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் சிரிக்க மனம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ‘டியர்’ திரைப்படங்களில் கேட்டது. அங்கே யார் யாரை அப்படி அழைப்பார்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. “போன மாதம் பஞ்சாயத்து அலுவலகத்திற்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மனு எழுதினீர்களே, அதன் முடிவில் என்ன எழுதினீர்கள்?” என்று கேட்டோம். “‘தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்” என்றார். “அதனால் நீங்கள் பஞ்சாயத்து அலுவலகத்திற்குச் சொந்தமாகிவிட்டீர்களோ?” என்றோம். மனிதர் நெடுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

நாம் அந்த நிறுவனத்திற்கு விளக்கம் எழுதினோம். இரண்டு வாரங்களில் மரியாதையான பதில் வந்தது. இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்றும், வருந்துகிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலும் ‘டியர் ஃபாதர்’ என்றுதான் தொடங்கியிருந்தது.

அந்தத் தந்தையைக் குறை கூற நமக்கு வாய் எழவில்லை. சொற்களைக் கற்றுக்கொடுத்து, அவை எந்த இடத்தில் என்ன பொருள் தரும் என்பதைக் கற்றுக்கொடாமல் விட்டவர்கள் நாம், நம் பள்ளிகள். ஆகவே இம்மாதம் இந்தச் சொல்லைச் சற்று ஆழமாகவே பார்ப்போம்.

கடிதத்தின் தொடக்கத்தில்

ஆங்கிலக் கடிதத்தின் முதல் வரியில் வரும் ‘டியர்’ ஒரு வணக்கம், அவ்வளவே. நாம் ‘அன்புள்ள ஐயா’ என்று தொடங்குவதில்லையா? முகமறியாத அதிகாரிமேல் நமக்கு உண்மையில் அன்பு பொங்குகிறது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. ‘டியர் சார்’, ‘டியர் மேடம்’ என்பனவும் அத்தகையனவே. வருமான வரி கட்டத் தவறியவருக்கு எழுதும் கடிதமும், கடனைத் திருப்பிக் கேட்டு வங்கி எழுதும் கடிதமும் ‘டியர்’ என்றுதான் தொடங்கும்!

நம் நாட்டு மாணவர்கள் விடுப்பு விண்ணப்பத்தை ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்குவது வழக்கம். ஆசிரியரைப் போய் ‘டியர்’ என்பதா என்ற கூச்சமே இதற்குக் காரணம் என்று எண்ணுகிறோம். அக்கூச்சம் நல்ல மனத்திலிருந்து எழுவது. ஆயினும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அப்படி எழுதுவதில்லை. அவர்களுக்கு ‘டியர் சார்’ என்பதிலேயே போதிய மரியாதை அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்கோ பெரிய நிறுவனத்திற்கோ எழுதும்போது பிள்ளைகள் தயங்காமல் ‘டியர் சார்’ என்றே எழுதலாம்.

தொடக்கத்திற்கும் முடிவிற்கும் பொருத்தம் உண்டு. பெயர் குறிப்பிடாமல் ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ என்று முடிப்பது பிரிட்டிஷ் மரபு. பெயரைக் குறிப்பிட்டு ‘டியர் மிஸ்டர்’ இன்னார் என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடிக்க வேண்டும். ‘யுவர்ஸ்’ என்பதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று முற்காலத்தில் நீளமாக எழுதி முடித்தார்களே, அப்பணிவு மொழியின் இனம் அது.

இன்னொரு கவனம். ‘டியர்’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு. டி, ஈ, ஏ, ஆர் என்று எழுதினால் நாம் பேசும் சொல். டி, ஈ, ஈ, ஆர் என்று எழுதினால் அது மான். உச்சரிப்பில் வேற்றுமை இல்லை. நம் பங்குப் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் தலைமையாசிரியருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஏகாரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது ஈகாரத்தைப் போட்டுவிட்டான். மாண்புமிகு ஆசிரியர் ஒரே எழுத்தில் மானாகிவிட்டார்! அவர் பெருந்தன்மையானவர், விடுப்பும் கொடுத்தார், திருத்தியும் கொடுத்தார்.

இக்காலத்தில் கடிதம் குறைந்து கைபேசிச் செய்தி பெருகிவிட்டது. ஆகவே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரோ ‘சார்’, ‘மேடம்’ என்பதோ பின்தொடர ‘டியர்’ என்றால் அது மரியாதை. பின்னால் எதுவும் இல்லாமல் வெறுமனே ‘டியர்’ என்று விளித்தால் அது நெருக்கம். கணவன் மனைவியை, தாய் மகனை, பாட்டி பேரனை அப்படி அழைக்கலாம். அறிமுகம் இல்லாத பெண்ணுக்கோ அலுவலகத்தில் உடன் வேலை செய்பவருக்கோ ‘நன்றி டியர்’ என்று செய்தி அனுப்புவது தவறு. நம் இளைஞர்கள் கள்ளமின்றி இப்படி எழுதிவிட்டு, மற்றவர் ஏன் முகம் சுளிக்கிறார் என்று புரியாமல் விழிப்பதைக் கண்டிருக்கிறோம். மேஸ்திரியார் கொண்ட கோபம் இங்கே வந்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

வெறும் மரபாகிவிட்ட இச்சொல்லை முழு மனத்தோடு எழுதியவரும் உண்டு. 1930-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், உப்புச் சட்டத்தை மீறப் போவதை முன்கூட்டியே அறிவித்துக் காந்தியடிகள் அரசப் பிரதிநிதி இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் அதை எடுத்துச் சென்று கொடுத்தார். எந்த ஆட்சியை எதிர்க்கிறாரோ அந்த ஆட்சியின் தலைவரை அவர் ‘டியர் ஃபிரெண்ட்’ என்றே அழைத்திருந்தார். 1939-ஆம் ஆண்டு ஜூலையில், போரைத் தவிர்க்குமாறு வேண்டி இட்லருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கமும் அதுவே. 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் இட்லருக்கு எழுதியபோது, நண்பர் என்று தாம் அழைப்பது வெறும் சம்பிரதாயம் அன்று, தமக்குப் பகைவர் எவரும் இல்லை என்ற கருத்தை விளக்கியே எழுதினார். எல்லாரும் பழக்கத்தால் எழுதும் ஒரு சொல்லை அவர் எண்ணிப் பார்த்து எழுதினார்.

கடைத்தெருவில்

இனி இச்சொல்லின் மற்றொரு முகத்தைக் காண்போம். கடைத்தெருவில் ‘டியர்’ என்றால் விலை அதிகம் என்று பொருள். ‘இந்த வாரம் வெங்காயம் டியர்’ என்று ஓர் ஆங்கிலேய மூதாட்டி சொன்னால், வெங்காயத்தின்மேல் அவருக்குப் பாசம் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு எதிர்ச்சொல் ‘சீப்’, அதாவது மலிவு. வட்டி விகிதம் உயர்ந்து கடன் கிடைப்பது அருமையாகிவிட்ட நிலையைப் பொருளியலார் ‘டியர் மணி’ என்பர்.

இப்பொருள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இன்னும் பேச்சில் உண்டு. அமெரிக்கர் இதைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ‘எக்ஸ்பென்சிவ்’ என்றே சொல்லுகின்றனர். நம் பிள்ளைகள் எழுதும்போது ‘எக்ஸ்பென்சிவ்’ என்று எழுதிக்கொள்ளட்டும். ஆனால் பழைய நூல்களில் ‘டியர்’ என்று கண்டால் விலையைக் குறிக்கிறதா அன்பைக் குறிக்கிறதா என்று நிதானிக்கட்டும். ஒரு நுட்பம்: பொருளைத்தான் ‘டியர்’ என்பார்கள். விலையைச் சொல்லும்போது ‘ஹை’ என்பதே முறை. அரிசி ‘டியர்’, அரிசியின் விலை ‘ஹை’.

இந்தப் பொருள் நமக்குப் புதிதன்று. நம் பங்கிலுள்ள ஆசிரியர்கள், அஞ்சலக ஊழியர்கள், ஓய்வூதியம் பெறுவோர் அனைவருக்கும் அது மாதந்தோறும் கைக்கு வருகிறது. ‘டி.ஏ.’ என்று சொல்லுகிறோமே, அது ‘டியர்னஸ் அலவன்ஸ்’ என்பதன் சுருக்கம். ‘டியர்னஸ்’ என்றால் இங்கே விலையேற்றம். இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பண்டங்களின் விலை ஏறியபோது ஊழியர்களுக்கு இந்தப் படி வழங்கப்பெற்றது. அப்போது அதன் பெயர் ‘டியர் ஃபுட் அலவன்ஸ்’, அதாவது உணவுப் பொருள் விலையேற்றத்திற்கான படி. தமிழில் இதை முன்பு ‘பஞ்சப்படி’ என்றனர். இப்போது ‘அகவிலைப்படி’ என்கிறோம். அகவிலை என்பது தானிய விலை. இரண்டு பெயர்களுமே மிகப் பொருத்தமானவை. ஏனெனில் ‘டியர்’ என்பதிலிருந்து ஆங்கிலத்தில் பிறந்த இன்னொரு சொல் ‘டெர்த்’. முதலில் விலையேற்றத்தையும் அதன் வழியே பஞ்சத்தையும் குறித்தது. இன்று எந்தப் பொருளின் தட்டுப்பாட்டிற்கும் அச்சொல்லை வழங்குகின்றனர். பஞ்சத்தில் தானியம் குறையும், குறைந்தது விலையேறும். ஒரு சொல்லின் வரலாற்றில் ஏழையின் அடுப்பும் தெரிகிறது.

இரண்டும் ஏன் ஒன்றாயின?

அன்பும் விலையும் எப்படி ஒரே சொல்லில் வந்து குடியேறின? இது பின்னால் ஏற்பட்ட குழப்பம் அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல்லுக்கு இரு பொருளும் இருந்தன. அன்புக்குரியது, மதிப்புடையது, விலை மிகுந்தது என்ற மூன்றையும் அது குறித்தது. திரைப்படக்காரர்கள் விரும்பும் ‘டார்லிங்’ என்பதும் இதன் பிள்ளையே. ஆங்கிலத்தின் உறவுமொழியாகிய செருமானியத்தில் ‘டாயர்’ என்ற சொல் இன்றும் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘ஷேர்’ என்பதும் அப்படியே. கடிதத்திலும் அது வரும், கடையிலும் அது வரும்.

குருமடத்தில் நாம் இலத்தீன் கற்ற நாள்களில் ‘காருஸ்’ என்ற பெயரடையை மனப்பாடம் செய்ததுண்டு. அன்பிற்குரிய, விலை உயர்ந்த என்று இரண்டு பொருளையும் அகராதி தந்தது. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ‘காரித்தாஸ்’. அச்சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்கு வெள்ளத்திலும் புயலிலும் உதவிக்கு வரும் திருச்சபையின் தொண்டு அமைப்பு நினைவுக்கு வரும். ஆனால் பழைய உரோமையில் ‘காரித்தாஸ்’ என்றால் விலையேற்றம் என்றும் பொருள் உண்டு. தானியம் விலையேறுவதை ‘காரித்தாஸ் அன்னோனே’ என்று அக்கால எழுத்தாளர்கள் எழுதினர். நம் ‘அகவிலை ஏற்றம்’ என்பதற்கு இதைவிட நேரான இலத்தீன் கிடைக்காது! சந்தையில் புழங்கிய அச்சொல்லையே கிறிஸ்தவர்கள் பின்னர் இறையன்பிற்கும் பிறரன்பிற்கும் பெயராகச் சூட்டினர். ஆங்கிலத்தின் ‘சாரிட்டி’ அதன் வழிவந்தது.

இன்று ‘சாரிட்டி’ என்றால் நம்மிடம் மிஞ்சியதைக் கொடுப்பது என்று எண்ணுகிறோம். பழைய சட்டை, கிழிந்த போர்வை, உண்டியலில் செல்லாத நாணயம். சொல்லின் வேர் அப்படிச் சொல்லவில்லை. நமக்கு விலை வைக்காத ஒன்றை அது அன்பு என்று அழைக்க மறுக்கிறது.

தமிழ் இதை வேறொரு வழியில் கண்டது. நம் ‘அருமை’ என்ற சொல்லைப் பாருங்கள். கிடைத்தற்கு அரிது, செய்தற்கு அரிது, ஆகவே போற்றத்தக்கது. ‘அருமை மகளே’ என்கிறோம். ‘பணத்தின் அருமை தெரியாதவன்’ என்கிறோம். ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்கிறோம். ஆங்கிலமும் இலத்தீனும் விலையிலிருந்து அன்பைக் கண்டன. தமிழ் அரிதாயிருத்தலிலிருந்து கண்டது. ‘டியர்’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் வேண்டுமென்று யாரேனும் நம்மைக் கேட்டால், ‘அன்பான’ என்பதைவிட ‘அருமையான’ என்பதையே சொல்லுவோம்.

பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

பெற்றோர் இப்பகுதியைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கவும்.

முதலாவது: ஆளைக் குறிக்கும் பெயருக்கு முன்னால் வரும் ‘டியர்’ பெரும்பாலும் அன்பைக் குறிக்கும். ‘மை டியர் ஃபிரெண்ட்’ என்றால் என் அருமை நண்பன்.

இரண்டாவது: வாக்கியத்தின் பின்பகுதியில், விற்பனைப் பொருளைப் பற்றி வந்தால் விலையைக் குறிக்கும். ‘ஃபிஷ் ஈஸ் டியர் டுடே’ என்றால் இன்று மீன் விலை அதிகம்.

மூன்றாவது: ‘டு’ என்ற சொல்லைத் துணைகொண்டு வந்தால் மீண்டும் அன்பு. ‘திஸ் வில்லேஜ் ஈஸ் டியர் டு மீ’ என்றால் இந்தக் கிராமம் எனக்கு அருமையானது. இங்கே ‘டு’ என்பதற்குப் பதிலாக ‘ஃபார்’ என்று எழுதுவது நம்மவர் அடிக்கடி செய்யும் பிழை.

நான்காவது: ஒப்பிடும்போது ‘டியரர்’, ‘டியரஸ்ட்’ என்று வரும். ‘மோர் டியர்’ என்று எழுத வேண்டுவதில்லை.

ஐந்தாவது: ‘டியர்லி’ என்ற வினையடைக்கும் அந்த இரட்டைப் பொருள் உண்டு. ஒருவரை ‘டியர்லி’ நேசிக்கலாம். ஒரு தவற்றுக்கு ‘டியர்லி’ விலை கொடுக்கவும் நேரலாம். ஆனால் ‘காஸ்ட்’ என்ற வினையோடு ‘டியர்’ என்றே வருவது வழக்கம். ‘தட் மிஸ்டேக் காஸ்ட் ஹிம் டியர்’ என்றால் அந்தத் தவறு அவனுக்குப் பேரிழப்பாய் முடிந்தது.

ஆறாவது: ‘ஓ டியர்!’ என்பது யாரையும் விளிப்பதன்று. ‘அடடா!’, ‘ஐயோ!’ என்று நாம் சொல்லுவது போன்றது. பால் கொதித்து வழிந்தால் ஆங்கிலேயர் வாயில் வருவது அது. ‘ரன் ஃபார் டியர் லைஃப்’ என்றால் உயிர் தப்ப ஓடுதல். உயிரைவிட விலையுள்ளது எது?

ஏழாவது: நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களின் அடியில் ‘நியர் அண்ட் டியர்’ என்று அச்சிடுகிறோம். சுற்றமும் நட்பும் என்பது கருத்து. ‘நியர் அண்ட் டியர்ஸ்’ என்று பன்மையாக்க வேண்டாம்; ‘நியர் அண்ட் டியர் ஒன்ஸ்’ என்பது முறை. அதில் இரண்டு சொற்கள் இருப்பதையும் கவனியுங்கள். அருகில் இருப்போர் எல்லாரும் அருமையாகிவிடுவதில்லை. அருமையானவர் சிலர் தொலைவில் இருப்பர். இரண்டும் சேர்ந்து வாய்ப்பதே குடும்பம்.

உயிரோடிருக்கையில்

ஸ்டான்லி ஹௌட்டன் என்ற ஆங்கில நாடக ஆசிரியர் எழுதி 1908-இல் அரங்கேறிய ஓரங்க நாடகம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘தி டியர் டிபார்ட்டட்’. அருமையான அமரர் என்று பெயர்க்கலாம். நம் நாட்டுப் பள்ளிப் பாடநூலிலும் அது இடம்பெற்றதுண்டு. முதியவர் ஒருவர் இறந்துவிட்டார் என்று எண்ணுகிறது மகளின் குடும்பம். துக்க உடையைத் தேடும்போதே, சகோதரி வந்து சேருமுன் அவருடைய மேசைப்பெட்டியையும் கடிகாரத்தையும் தன் பகுதிக்கு நகர்த்திவிடுகிறாள் அந்த மகள். அவருடைய புதுச் செருப்பு மருமகனின் காலில் ஏறிவிடுகிறது. சகோதரி வந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், ‘இறந்தவர்’ மாடியிலிருந்து இறங்கி வருகிறார்! நடந்ததைக் கண்டுகொள்கிறார். உயில் மாறும் என்று தெரிந்ததும், அவரைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள மகள்கள் இருவரும் போட்டியிடுகிறார்கள். அவரோ இருவரையும் விட்டுவிட்டு, தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி எல்லாரையும் திகைக்க வைக்கிறார்.

படிப்பவர் சிரிப்பர். ஆனால் தலைப்பிலுள்ள ‘டியர்’ என்ற சொல்லை நினைத்தால் சிரிப்பு அடங்கும். அந்த வீட்டில் கடிகாரம் ‘டியர்’, மேசைப்பெட்டி ‘டியர்’, மனிதர் அமரரான பிறகுதான் ‘டியர்’. நாமும் அடக்கச் சடங்குகள் பலவற்றை நிறைவேற்றியிருக்கிறோம். பெரிய பெரிய மலர் வளையங்களைக் கண்டிருக்கிறோம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளையும் படித்திருக்கிறோம். அந்த முதியவரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து ஒரு குவளை காப்பி அருந்தினீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்க நா எழுந்து, அடக்கிக்கொண்டதும் உண்டு. உயிரோடு இருக்கையில் கொடுக்கும் ஒரு மணி நேரம், இறந்த பின் வாங்கும் எந்த மலர் வளையத்தையும்விட நமக்கு ‘டியர்’ ஆனது, அதாவது விலை கூடியது. அதனால்தான் அது அன்பு.

முடிக்குமுன் நம் மேஸ்திரியாரிடம் திரும்புவோம். அவர் கடிதத்தைப் பூட்டி வைத்ததும் மகள் அவருக்கு அருமை என்பதால்தான். அந்த அருமைக்கு அந்த வீடு கொடுத்த விலை ஒரு வேலை. பிறகு ஓராண்டு அந்தப் பெண் வீட்டிலேயே இருந்தாள். தந்தையே அவளைக் கணிப்பொறி வகுப்புக்குக் கூட்டிச் சென்று, முடியும்வரை வெளியே மரத்தடியில் காத்திருந்து அழைத்து வந்தார். இப்போது அவள் வேறோர் ஊரில் விடுதியில் தங்கிக் கணக்காளராக வேலை செய்கிறாள்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் ஒரு நாள் அவர் ஒரு வாழ்த்து அட்டையோடு நம்மிடம் வந்தார். இந்த முறை மகளுக்கு விடுப்பு இல்லையாம். விடுதிப் பிள்ளைகள் பார்ப்பார்கள், ஆகையால் முதல் வரியை மட்டும் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். அதைத் தாமே தம் கையால் எழுத வேண்டுமாம்.

“சாமி, நான் எழுதினால் அந்தச் சொல் தப்பில்லையே?” என்றார்.

“உங்களுக்கு இல்லாத உரிமை யாருக்கு?” என்றோம்.

நம் மேசையில் குனிந்து உட்கார்ந்தார். சாந்துச் சட்டியும் கரண்டியும் பிடித்துக் காய்த்துப் போன விரல்களுக்குள் பேனா நழுவியது. டி எழுதினார். ஈ எழுதினார். நிறுத்தி நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“அடுத்தது ஈயா சாமி, ஏயா?”

“ஏ” என்றோம். எழுதினார்.